ஜக்கார்டு பார்டருக்கு ஜிம்ப்பில் கோடும் புள்ளியும் போடுவது எப்படி: ஆரணி, குடியாத்தம் பக்கத்துப் புதியவர்களுக்கு

ஆரணி, தேவிகாபுரம், குடியாத்தம் என்று வட ஆர்க்காட்டுத் தறிக்காரர் வீடுகளில் இப்போது பல பிள்ளைகள் பார்டர் டிசைனைக் கணினியிலேயே போட்டுவிடலாம் என்று இறங்குகிறார்கள். நல்ல முடிவு. ஆனால் பாடம் கிடைப்பதில்லை. பயிற்சி மையத்தில் போய்ச் சேர்ந்தால் கல்யாண பேனர், பாஸ்போர்ட் போட்டோ, முகத்தை வெளுக்க வைப்பது, இதைத்தான் சொல்லித் தருகிறார்கள். ஒரே ஒரு பிக்ஸலை, அதாவது படத்தின் மிகச் சிறிய புள்ளியை, எடுத்து நினைத்த இடத்தில் வைப்பது எப்படி என்று அங்கே யாரும் கேட்பதும் இல்லை, சொல்வதும் இல்லை. நான் இதை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கித்தான் கற்றுக்கொண்டேன். நீங்களும் அப்படி அலைய வேண்டாம் என்பதற்காக, ஜிம்ப் (GIMP) என்கிற படம் திருத்தும் மென்பொருளில் இதைச் செய்வது எப்படி என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதுகிறேன்.

தொடங்கும் முன் ஒரு விஷயம் மனதில் ஏற வேண்டும். ஜக்கார்டு என்பது ஓட்டை அடித்த அட்டைகளின்படி டிசைன் நெய்ய வைக்கும் தறிக் கருவி. அதற்குப் போகிற படத்தில் ஒரு பிக்ஸல் என்பது, ஓர் ஊடை (குறுக்கு இழை) ஓடும்போது, பாவு இழையை (நெடுக்கு இழை) தூக்கும் ஒரு கொக்கிக்குக் கொடுக்கும் கட்டளை. அட்டையில் அந்த இடத்தில் ஓட்டை இருந்தால் கொக்கி தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. பாதி தூக்குவது என்று ஒன்று கிடையாது. அதனால் உங்கள் படத்தில் சாம்பல் நிறத்துக்கு இடமே இல்லை. கறுப்பு, வெள்ளை, அவ்வளவுதான். போட்டோவுக்காகச் செய்யப்பட்ட மென்பொருளோ ஒவ்வொரு கோட்டின் ஓரத்தையும் மழுப்பி, கண்ணுக்கு அழகாக்கவே பார்க்கும். அந்த அழகுபடுத்தலை ஒவ்வொரு இடத்திலும் நிறுத்துவதுதான் கீழே வரும் பாதி வேலை.

1. கணினியைத் திறக்கும் முன் வாங்க வேண்டிய விவரங்கள்

இதை விட்டுவிட்டு வரைய உட்காராதீர்கள். தறிக்காரரையும், அட்டை அடிக்கிறவரையும் நேரில் பார்த்து இவற்றை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்:

பார்டருக்கு எத்தனை கொக்கி. அங்குலத்துக்கு எத்தனை பாவு இழை, எத்தனை ஊடை. ஒரு சுற்றுக்கு, அதாவது டிசைன் ஒரு தடவை வந்து முடிய, அதிகபட்சம் எத்தனை அட்டை தாங்கும். ஓட்டைக்குக் கறுப்பா, வெள்ளையா. முதல் அட்டை படத்தின் மேல் வரியா, கீழ் வரியா. சேலையின் நல்ல பக்கம் தறியில் மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா. தறியில் கொக்கிகளை இழைகளோடு இணைத்த கட்டு நேராகப் போகிறதா, அல்லது பாதி வரைந்தால் மறுபாதி தறியிலேயே எதிராக விழுகிறதா. இழை எங்கும் கட்டுப்படாமல் மிதந்தபடி அதிகபட்சம் எத்தனை ஊடை தாண்டலாம். கோப்பு எந்த வகையில் வேண்டும், பிஎம்பியா, பிஎன்ஜியா.

வாய்க்கணக்கு வேண்டாம். "எல்லாத் தறிக்கும் ஒண்ணுதான் தம்பி" என்று சொல்வார்கள், ஒரே தெருவில் இரண்டு தறிக்கு இரண்டு கணக்கு இருக்கும். முடிந்தால் பழைய கிராஃப் தாள் ஒன்றும், அதே தறியில் நெய்த துணித் துண்டு ஒன்றும் கேட்டு வாங்கி வையுங்கள். துணித் துண்டை வைத்து இழையை நீங்களே எண்ணிச் சரிபார்க்கலாம்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரு மாதிரிக் கணக்கை வைத்துக்கொள்கிறேன்: 120 கொக்கி, 160 அட்டை, அங்குலத்துக்கு 100 பாவு இழை, 80 ஊடை, ஓட்டைக்குக் கறுப்பு. அப்படியானால் பார்டரின் அகலம் 1.2 அங்குலம், டிசைன் 2 அங்குலத்துக்கு ஒரு தடவை திரும்ப வரும். ஐந்தரை மீட்டர் சேலையில் அது நூறு தடவைக்கு மேல். ஒரு பிக்ஸல் தப்பாக விழுந்தால் அந்தத் தப்பும் ஒவ்வொரு சேலையிலும் நூறு தடவைக்கு மேல் வரும். உங்கள் தறியின் எண் வேறாக இருக்கும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

2. ஜிம்ப்பை இறக்குவது

ஜிம்ப் இலவசம். ஜிம்ப் டாட் ஆர்க் (gimp.org) என்ற அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். வேறு தளங்களில் அதே பெயரில் காசு கேட்பார்கள், அல்லது கூடவே வேண்டாத மென்பொருளை ஏற்றிவிடுவார்கள். யாராவது உங்களுக்கு ஏற்றிக் கொடுத்து "லைசென்ஸ்" என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

புதுக் கணினி தேவையில்லை. பள்ளியில் அரசு கொடுத்த பழைய லேப்டாப்பே போதும், ஏனென்றால் நம் படம் மிகச் சிறியது. விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் 2.10 பதிப்பை இறக்குங்கள். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்புக்கு விண்டோஸ் 10 வேண்டும். இரண்டிலும் நமக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. லினக்ஸ் வைத்திருந்தால் அதன் மென்பொருள் கடையிலேயே கிடைக்கும்.

மெனுக்களின் பெயரை ஆங்கிலத்தில் வருகிறபடியே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். தேடிக் கண்டுபிடிக்க அதுதான் சுலபம்.

3. படத்தைத் திறப்பது

ஃபைல் மெனுவில் நியூ. அகலம் 120, உயரம் 160. அளவுக்குப் பக்கத்தில் பிக்ஸல் என்று இருக்கிறதா பாருங்கள். மில்லிமீட்டர் என்று இருந்தால் படம் வேறு அளவில் வந்துவிடும்.

அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸை விரித்தால் எக்ஸ் ரெசல்யூஷன், ஒய் ரெசல்யூஷன் என்று இரண்டு வரும். பக்கத்தில் உள்ள சங்கிலியை அழுத்தி உடைத்துவிட்டு, எக்ஸில் 100, ஒய்யில் 80 என்று போடுங்கள். இது ஏன் என்று அடுத்த படியில் தெரியும். ஃபில் வித் என்பதில் வெள்ளை இருக்கட்டும்.

4. பெரிதாக்குவது, கட்டம் போடுவது, இரண்டு ஜன்னல் வைப்பது

விசைப்பலகையில் எண் 4 அழுத்தினால் படம் 800 சதவீதம், 5 அழுத்தினால் 1600 சதவீதம். 1 அழுத்தினால் பழைய அளவு. வரையும்போது 800க்குக் கீழே இறங்காதீர்கள்.

இமேஜ் மெனுவில் கான்ஃபிகர் கிரிட் திறந்து, இடைவெளியை இரண்டு பக்கமும் 8 என்று வையுங்கள். பிறகு வியூ மெனுவில் ஷோ கிரிட். கிராஃப் தாளில் தடித்த கோடு வருகிற மாதிரி எட்டுக்கு ஒரு கோடு தெரியும். ஒவ்வொரு பிக்ஸலுக்கும் கட்டம் வேண்டும் என்று 1 போட்டால் திரை முழுக்கக் கோடாகிக் கண் வலிக்கும். எட்டு போதும். இந்தக் கட்டம் பார்ப்பதற்கு மட்டும்தான், கோப்பில் சேராது.

அதே வியூ மெனுவில் ஸ்நாப் டு கிரிட் என்று ஒன்று இருக்கிறது. அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இருந்தால் பென்சில் நீங்கள் வைத்த இடத்தில் நிற்காமல் கட்டக் கோட்டுக்குத் தாவும். "நான் ஒரு இடத்தில் வைக்கிறேன், வேறு இடத்தில் விழுகிறது" என்று புலம்புகிறவர்களில் நிறையப் பேருக்குக் காரணம் இதுதான்.

இப்போது வியூ மெனுவில் நியூ வியூ அழுத்துங்கள். அதே படம் இரண்டாவது ஜன்னலில் திறக்கும். ஒன்றில் வரைந்தால் இன்னொன்றிலும் மாறும். இரண்டாவது ஜன்னலில் மட்டும் வியூ மெனுவில் டாட் ஃபார் டாட் என்பதில் டிக்கை எடுங்கள். நாம் கொடுத்த 100க்கு 80 கணக்கின்படி படம் நெடுக்கில் நீண்டு தெரியும். துணியில் வரப்போகும் உருவம் அதுதான். முதல் ஜன்னலில் வட்டமாகத் தெரிவது துணியில் முட்டையாக வரும். இதைப் பார்க்காமல் வரைந்து, நெய்த பிறகு "சக்கரம் நீண்டுபோச்சே" என்று வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள். வட்டம் வேண்டுமென்றால் முதல் ஜன்னலில் உயரத்தைக் குறைத்துத்தான் வரைய வேண்டும்: அகலம் 40 என்றால் உயரம் 32.

5. பென்சிலை மட்டும் எடுங்கள்

பெயிண்ட்பிரஷ் வேறு, பென்சில் வேறு. பெயிண்ட்பிரஷ் ஓரத்தில் சாம்பல் தீற்றும். பென்சில் தீற்றாது. என் (N) விசையை அழுத்தினால் பென்சில் வரும். பி (P) விசையை அழுத்தினால் பெயிண்ட்பிரஷ் வந்துவிடும், கை தவறுகிற இடம் இது.

பென்சில் வந்ததும் கீழே உள்ள அமைப்புகளை ஒரு தடவை பாருங்கள். பிரஷ் பட்டியலில் பிக்ஸல் என்று பெயருள்ள ஒற்றைப் பிக்ஸல் பிரஷ் இருக்கிறது, அதை எடுங்கள். சைஸ் 1. ஒபாசிட்டி 100. மோடு நார்மல். டைனமிக்ஸ் என்பதில் டைனமிக்ஸ் ஆஃப். ஜிட்டர், ஸ்மூத் ஸ்ட்ரோக் இரண்டிலும் டிக் இருக்கக் கூடாது. ஒபாசிட்டி 100க்குக் குறைந்தால் பென்சிலும் சாம்பல்தான் போடும்.

டி (D) விசையை அழுத்தினால் முன் நிறம் கறுப்பு, பின் நிறம் வெள்ளை. எக்ஸ் அழுத்தினால் இரண்டும் இடம் மாறும். அழிப்பதற்கு ரப்பர் தேவையே இல்லை. எக்ஸ் அழுத்தி வெள்ளையை வைத்தால் ஓட்டை போய்விடும். ரப்பரை எடுத்தால் அதன் ஓரம் வேறு மழுப்பலாக இருக்கும், அதற்குத் தனியாக ஒரு அமைப்பு பார்க்க வேண்டும். வேண்டாம்.

6. ஒற்றைப் புள்ளி

ஒரு கிளிக், ஒரு புள்ளி. இழுக்கக் கூடாது. கை நடுங்கி இரண்டு விழுந்தால் கண்ட்ரோல், இசட்.

ஜன்னலின் அடியில் இரண்டு எண்கள் ஓடும். முதலாவது இடமிருந்து எத்தனையாவது பிக்ஸல், இரண்டாவது மேலிருந்து எத்தனையாவது. ஆனால் எண்ணிக்கை 0 வில் தொடங்கும். முதல் கொக்கி 0, நூற்று இருபதாவது கொக்கி 119. அட்டைக்காரர் 1 லிருந்து எண்ணுவார், நீங்கள் 0 விலிருந்து எண்ணுவீர்கள். "எழுபதாவது கொக்கியில் ஒரு ஓட்டை அதிகமாக இருக்கு" என்று அவர் போனில் சொன்னால் நீங்கள் 69இல் பார்க்க வேண்டும். வரிக்கும் அதே கதைதான்.

7. நேர்கோடு

தொடங்கும் இடத்தில் ஒரு கிளிக். ஷிஃப்டை அழுத்திப் பிடியுங்கள், அந்தப் புள்ளியிலிருந்து மவுஸ் வரை ஒரு கோடு ஓடிக் காட்டும். முடியும் இடத்தில் கிளிக். கோடு விழுந்துவிட்டது. ஷிஃப்டை விடாமல் அடுத்த இடத்தில் கிளிக் செய்தால் அங்கிருந்து அடுத்த கோடு தொடரும். முக்கோணமும், வங்கி எனும் மேலும் கீழும் ஒடியும் கோட்டு டிசைனும் இப்படித்தான் வேகமாக வரும்.

கோடு எங்கிருந்தோ வந்து விழுகிறதா? நீங்கள் கடைசியாக வைத்த புள்ளியிலிருந்துதான் அது கிளம்பும். புதுக் கோடு தொடங்கும்போது ஷிஃப்ட் இல்லாமல் ஒரு கிளிக் வைத்துவிட்டுத்தான் ஷிஃப்டைப் பிடிக்க வேண்டும்.

படுக்கைக் கோடு, நெடுங்கோடு, சரி சாய்வு வேண்டுமென்றால் ஷிஃப்டைப் பிடித்த பிறகு கண்ட்ரோலையும் சேர்த்துப் பிடியுங்கள். கோடு 15 டிகிரி, 15 டிகிரியாகத்தான் நகரும், 0, 45, 90 துல்லியமாக நிற்கும். வரிசை முக்கியம்: முதலில் ஷிஃப்ட், பிறகு கண்ட்ரோல். கண்ட்ரோலை மட்டும் பிடித்துக் கிளிக் செய்தால் பென்சில் கோடு போடாது, அந்த இடத்தின் நிறத்தை எடுத்துக்கொள்ளும். வெள்ளையில் கிளிக் செய்திருந்தால் அதற்குப் பிறகு நீங்கள் போடும் கோடெல்லாம் வெள்ளை மேல் வெள்ளையாக விழும், எதுவும் நடக்காதது போல் இருக்கும். அப்போது டி அழுத்துங்கள்.

சாய்கோட்டில்தான் நம் வேலை இருக்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். கண்டபடி சாய்த்த கோடு படிக்கட்டு மாதிரி உடையும், அந்தப் படிகள் ஒரே அளவில் இருக்காது: மூன்று, இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு என்று வரும். திரையில் தெரியாது. துணியில் ஜரிகை வெளிச்சம் படும்போது கோடு நெளிந்ததாகக் காட்டும். சுத்தமான சாய்வு என்பது ஒவ்வொரு படியும் ஒரே நீளம் உள்ளது: ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று. 15 டிகிரிப் பூட்டு ஒன்றுக்கு ஒன்றை மட்டும்தான் தரும். இரண்டுக்கு ஒன்று வேண்டுமென்றால் நீங்களே எண்ணி வையுங்கள். 40 பிக்ஸல் நீளம், 20 பிக்ஸல் உயரம் வேண்டும். 0 விலிருந்து எண்ணுவதால் தொடக்கம் 0, 0 என்றால் முடிவு 39, 19. 40, 20 என்று வைத்தால் கடைசிப் படி குட்டையாகிவிடும். கோடு போட்ட பிறகு 1600க்குப் பெரிதாக்கி ஒரு முறை படிகளை எண்ணுங்கள். ஒன்றிரண்டு பிசகியிருந்தால் ஒற்றைப் புள்ளி வைத்துத் திருத்தலாம்.

கோபுரப் பார்டர் வரைகிறவர்களுக்கு இன்னொன்று. முதல் ஜன்னலில் 45 டிகிரியாக இருக்கும் சாய்வு, 100க்கு 80 துணியில் ஏறக்குறைய 51 டிகிரியாக நிமிரும். கோபுரம் நீங்கள் வரைந்ததைவிட ஒல்லியாகத் தெரியும். இரண்டாவது ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அகலத்தைக் கூட்டுங்கள்.

மாங்காய், கொடி மாதிரி வளைவுகளுக்கு இழுத்து வரையாதீர்கள். படியின் நீளம் ஒழுங்காகக் குறைந்து ஒழுங்காகக் கூட வேண்டும்: 6, 4, 3, 2, 1, 1, 2, 3, 4, 6 என்று போனால் வளைவு வழுக்கிக்கொண்டு போகும். 6, 2, 4, 1, 3 என்று போனால் முண்டு முண்டாக இருக்கும். கோடு திரும்பும் மூலையில் தேவையில்லாமல் ஒரு பிக்ஸல் ஒட்டிக்கொண்டு எல் எழுத்து மாதிரி நிற்கும். அதை வெள்ளை வைத்து எடுத்தால் வளைவு உடனே மென்மையாகும். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் உங்கள் டிசைன் மற்றவர்களுடையதிலிருந்து தனியாகத் தெரியும்.

8. கட்டம், வட்டம், நிரப்புதல்

தடித்த பட்டைக்குப் பென்சிலைப் பெரிதாக்க வேண்டாம். ஆர் விசையில் வரும் செவ்வகத் தேர்வை எடுத்து, அமைப்புகளில் இடத்தையும் அளவையும் எண்ணாகவே தட்டுங்கள். பிறகு கண்ட்ரோலுடன் காற்புள்ளி விசை, உள்ளே கறுப்பு நிறையும். ஃபெதர் எட்ஜஸ் டிக் இருக்கக் கூடாது.

வட்டத்துக்கு ஈ விசை. அங்கே ஆன்டிஏலியாசிங் டிக்கை எடுத்தே ஆக வேண்டும். அதுதான் ஓரத்தில் சாம்பல் போடும் அமைப்பு.

வாளி ஊற்றும்போது, அதாவது பக்கெட் ஃபில் எடுக்கும்போது, த்ரெஷோல்டு 0, ஆன்டிஏலியாசிங் இல்லை, டயகனல் நெய்பர்ஸ் இல்லை. கடைசியாகச் சொன்னதில் டிக் இருந்தால் சாய்கோட்டின் மூலை இடுக்கு வழியாகக் கறுப்பு வெளியே கசிந்து படம் முழுக்க நிறைந்துவிடும்.

போட்டோவைச் சுருக்கி டிசைன் ஆக்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு: வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூணில் இருக்கிற யாளியைப் படம் எடுத்து 120 பிக்ஸலுக்குச் சுருக்கினால் ஒரு கறைதான் மிஞ்சும். லேயர் என்பது ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கும் கண்ணாடித் தாள் மாதிரி. படத்தைக் கீழ் லேயரில் மங்கலாக வைத்து, மேல் லேயரில் பென்சிலால் நீங்களே கோடு எடுங்கள். எடுத்து முடித்ததும் கீழ் லேயரை நீக்கிவிடுங்கள்.

9. பாதி வரைந்து மடக்குவது, சேரும் இடத்தைப் பார்ப்பது

தறியின் கட்டே எதிராக விழும் வகை என்றால் பாதியை மட்டும் கொடுத்தால் போதும், இந்தப் படியின் முதல் பகுதி உங்களுக்கு இல்லை.

மற்றவர்கள் இடப்பாதி 60 பிக்ஸலில் மட்டும் வரையுங்கள், வலப்பாதி வெள்ளையாக இருக்கட்டும். லேயர் மெனுவில் டூப்ளிகேட் லேயர். பிறகு லேயர், டிரான்ஸ்ஃபார்ம், ஃபிளிப் ஹாரிசான்டலி. மேல் லேயரின் மோடை டார்க்கன் ஒன்லி என்று மாற்றினால் இரண்டு பாதியும் சேர்ந்து தெரியும். இமேஜ் மெனுவில் ஃபிளாட்டன் இமேஜ். வெட்டி ஒட்டி நகர்த்துவதைவிட இது மேல், ஒரு பிக்ஸல்கூடப் பிசகாது. அகலம் இரட்டை எண் என்பதால் நடுவில் ஒற்றைப் பிக்ஸல் கோடு வராது, இரண்டு பிக்ஸலாகத்தான் வரும். கோபுர உச்சியும் அப்படியே. அதை மனதில் வைத்தே வரையுங்கள்.

அடுத்து, நூற்றி அறுபதாவது அட்டை முடிந்ததும் முதல் அட்டை வரும். அந்தச் சேரும் இடத்தைப் பார்க்க லேயர், டிரான்ஸ்ஃபார்ம், ஆஃப்செட். ஒய்யில் 80, ராப் அரவுண்டு. மேலும் கீழும் சந்திக்கும் இடம் இப்போது படத்தின் நடுவுக்கு வந்துவிடும். கொடி துண்டாகி நிற்கிறதா, கோபுரத்தின் அடி இரட்டையாகிறதா என்று தெரியும். அங்கேயே திருத்துங்கள். முடித்ததும் மறுபடி 80 நகர்த்தினால் பழைய இடத்துக்கு வரும்.

10. கட்டுப் புள்ளிகள்

அழகான படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தும் "இதை நெய்ய முடியாது" என்று திருப்பி அனுப்பப்படுவது இந்தப் படியைத் தெரியாததால்தான். ஒற்றைப் பிக்ஸல் வைக்கத் தெரிந்திருப்பதன் முழுப் பயனும் இங்கேதான்.

நெடுக்கில் தொடர்ந்து 40 பிக்ஸல் கறுப்பு இருக்கிறது என்று வையுங்கள். அந்தக் கொக்கி 40 ஊடைக்கும் தூக்கியே இருக்கும். இழை எங்கும் கட்டுப்படாமல் துணியின் மேல் அரை அங்குலம் மிதக்கும். சேலை கட்டுகிறவரின் வளையலில் மாட்டி இழுபடும். அதனால் கறுப்பு நிரப்பிய இடங்களுக்குள் அங்கங்கே வெள்ளைப் புள்ளி வைத்து இழையைக் கட்ட வேண்டும். இந்தப் புள்ளிகள் ஒரே வரிசையில் விழுந்தால் துணியில் கோடாகத் தெரியும், அதனால் சிதறி விழ வேண்டும்.

அதற்கு எட்டுக்கு எட்டு சாட்டின் கட்டு போதும். புதிதாக 8க்கு 8 பிக்ஸலில் ஒரு படம் திறந்து, முழுக்கக் கறுப்பாக்கி, இந்த எட்டு இடங்களில் வெள்ளைப் புள்ளி வையுங்கள். முதல் எண் இடமிருந்து, இரண்டாவது மேலிருந்து, 0 விலிருந்து எண்ணுகிறோம்:

0, 0
1, 3
2, 6
3, 1
4, 4
5, 7
6, 2
7, 5

ஒவ்வொரு முறையும் மூன்று கீழே இறங்கி, எட்டைத் தாண்டினால் மேலே வந்து சேருகிறது. இதனால் எந்த இழையும் தொடர்ந்து 7 ஊடைக்கு மேல் மிதக்காது. உங்கள் தறிக்காரர் சொன்ன அளவு வேறென்றால் கட்டத்தைச் சிறிதாக்கவோ பெரிதாக்கவோ வேண்டும். முழுவதையும் தேர்ந்து கண்ட்ரோல், சி அழுத்தினால் பேட்டர்ன் பட்டியலில் முதலாவதாக அது வந்து நிற்கும்.

பார்டர் படத்துக்கு வாருங்கள். ஷிஃப்ட், ஓ அழுத்தி, த்ரெஷோல்டு 0, ஆன்டிஏலியாசிங் இல்லாமல், கறுப்பில் கிளிக் செய்தால் கறுப்பு எல்லாம் தேர்வாகும். செலக்ட் மெனுவில் ஷ்ரிங்க், 1 பிக்ஸல். இதனால் உருவத்தின் ஓரம் ஒரு பிக்ஸல் முழுக் கறுப்பாகவே நிற்கும், மெல்லிய கோடுகள் தேர்விலிருந்து விடுபடும். பேட்டர்ன் பட்டியலில் நம் கட்டைத் தேர்ந்து கண்ட்ரோலுடன் அரைப்புள்ளி விசை. உள்ளே எல்லாம் புள்ளி விழுந்துவிடும்.

இதோடு எழுந்துவிடக் கூடாது. மயில் கண், இதழ் நுனி, கோபுர உச்சி இங்கெல்லாம் புள்ளி விழுந்து உருவத்தைக் கெடுத்திருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் பக்கத்துக்கு நகர்த்துங்கள். ஷ்ரிங்கில் தப்பிய நெடுங்கோடுகளில் கட்டே இருக்காது, அங்கே கையால் வையுங்கள். ஒரு முறை இடமிருந்து வலமாக ஒவ்வொரு நிரலாகக் கண்ணை ஓட்டுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதற்குக் குறுக்கு வழி கிடையாது. வெள்ளைப் பகுதியை எப்படிக் கட்டுவது என்பது தறிக்குத் தறி மாறும், அதை முதல் படியில் வாங்கிய தாளைப் பார்த்துச் செய்யுங்கள்.

11. சாம்பல் இருக்கிறதா என்று சோதிப்பது

மறுபடி ஷிஃப்ட், ஓ. கறுப்பில் ஒரு கிளிக், ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு வெள்ளையில் ஒரு கிளிக். செலக்ட் மெனுவில் இன்வெர்ட். எதுவும் தேர்வாகவில்லை என்றால் படம் சுத்தம். எங்காவது கோடு ஓடிக்கொண்டிருந்தால் அங்கே சாம்பல் ஒளிந்திருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்து, கறுப்பா வெள்ளையா என்று நீங்களே முடிவெடுத்து வையுங்கள். மென்பொருளை முடிவெடுக்க விடாதீர்கள்.

அதன் பிறகு இமேஜ், மோடு, இன்டெக்ஸ்டு. அதில் பிளாக் அண்ட் வைட் ஒரு பிட் வகையைத் தேர்ந்து, டிதரிங் என்பதில் நன் (None) வையுங்கள்.

12. சேமிப்பதும் அனுப்புவதும்

இரண்டு கோப்பு வேண்டும். உங்களுக்கு எக்ஸ்சிஎஃப், சேவ் கொடுத்தால் வருவது. அட்டைக்காரருக்கு எக்ஸ்போர்ட் கொடுத்து பிஎம்பி அல்லது பிஎன்ஜி. ஜேபிஜி கூடவே கூடாது, ஒவ்வொரு ஓரத்திலும் சாம்பல் தூவிவிடும். நம் பிஎம்பி 3 கேபிகூட இருக்காது. இவ்வளவு சின்னதா என்று பயப்பட வேண்டாம், 120க்கு 160 பிக்ஸலுக்கு அவ்வளவுதான்.

வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது தானாகவே ஜேபிஜி ஆகிவிடும். டாக்குமென்ட் என்று தேர்ந்து அனுப்புங்கள். பென்டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்தால் இன்னும் நிம்மதி. கோப்பின் பெயரிலேயே "120 கொக்கி 160 அட்டை கறுப்பு ஓட்டை" என்று எழுதிவிடுங்கள். நல்ல பக்கம் கீழே இருக்கும் தறி என்றால் படத்தை இடவலமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா, அவரே திருப்புவாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் திருப்பினால் பழையபடி ஆகிவிடும்.

கூடவே ஒரு தாள் பிரதியும் கொடுங்கள். படத்தின் நகலில் இமேஜ், ஸ்கேல் இமேஜ், 960க்கு 1280, இன்டர்போலேஷன் நன். நகலை ஆர்ஜிபி மோடுக்கு மாற்றி, ஃபில்டர்ஸ், ரெண்டர், பேட்டர்ன், கிரிட் வழியாக 64 பிக்ஸலுக்கு ஒரு கோடு போட்டால் பழைய கிராஃப் தாள் போலவே இருக்கும். ஒரு ஏ4 பிரிண்ட் செலவுதான். பெரியவர்கள் திரையைவிடத் தாளில்தான் வேகமாகத் தப்பைப் பிடிக்கிறார்கள். அவர்கள் பென்சிலால் சுழித்த இடத்தை மறுப்பதற்கு முன் ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.

13. அட்டைச் செலவும் நாளும்

வரைவதற்கு உங்கள் நேரத்தைத் தவிரச் செலவில்லை. பணம் போவது அட்டைக்கு. ஓர் ஊடைக்கு ஓர் அட்டை, ஓர் அட்டைக்கு இவ்வளவு என்று விலை. 160 அட்டை டிசைனை 120 அட்டைக்குள் அடக்க முடிந்தால் கால் பங்கு செலவு குறையும். அதனால் உயரத்தை முதலிலேயே யோசித்து வையுங்கள், கடைசியில் வெட்டினால் சேரும் இடம் எல்லாம் கெட்டுவிடும். அட்டையைக் கோத்துத் தருவதும் விலைக்குள் வருகிறதா, அட்டையில் தப்பு வந்தால் மறு அட்டை யார் செலவு என்று முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். தப்பு உங்கள் படத்திலா, அடித்ததிலா என்று பார்க்க அந்தத் தாள் பிரதிதான் சாட்சி.

தீபாவளிக்கு முன்பும் ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்பும் கொண்டுபோய் நிற்காதீர்கள், அட்டைக்காரர் கையில் வேலை குவிந்திருக்கும். புது ஆள் படத்தை நிதானமாகப் பார்க்க அவருக்கு நேரமே இருக்காது. முதல் டிசைனைக் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துக் கொடுங்கள்.

கட்டுப் புள்ளியில் சந்தேகம் தீராவிட்டால் காஞ்சிபுரத்தில் மத்திய அரசின் நெசவாளர் சேவை மையம் இருக்கிறது. ஆரணியிலிருந்து செய்யாறு வழியாகப் பஸ் உண்டு. போகும்போது துணித் துண்டு, விவரம் எழுதிய தாள், படத்தின் பிரிண்ட், பென்டிரைவ் நான்கையும் எடுத்துப் போங்கள். வெறும் போனில் படத்தைக் காட்டிக் கேட்டால் யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது.

அட்டை கட்டியதும் நேராகச் சேலையில் ஏற்றச் சொல்லாதீர்கள். பாவின் தொடக்கத்தில் இரண்டு சுற்று, அதாவது 320 ஊடை, நான்கு அங்குலம் நெய்து காட்டச் சொல்லுங்கள். இரண்டு சுற்று இருந்தால்தான் சேரும் இடம் தெரியும். அந்தத் துண்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், நகத்தால் மெதுவாக இழுத்து எங்கே இழை மிதக்கிறது என்று பாருங்கள், திருத்த வேண்டிய அட்டை எண்களைக் குறித்துக்கொண்டு எக்ஸ்சிஎஃப் கோப்பிலும் அதே இடத்தைத் திருத்திவிடுங்கள்.